வால்நட் போடாத மிட்டாய்

— கையைக் காட்டு. ரெண்டையும். உள்ளங்கை மேல பாத்த மாதிரி.

— இதோக்கா.

— வேர்த்துக் கொட்டுது. இந்தக் கையோட மிட்டாயைத் தொட்டேன்னு வச்சுக்க, ஒவ்வொண்ணுலயும் உன் ரேகை விழும், போலீஸ் ஸ்டேஷன்ல உருட்டி எடுத்த மாதிரி. போய் அந்த ஜன்னல்கிட்ட நில்லு. இன்னும் திற. முழுசா.

— வெளிய பனி கொட்டுதுக்கா.

— கொட்டட்டும். சமையக்கட்டு குளுந்து கிடந்தாத்தான் சாக்லேட்டு பளபளன்னு நிக்கும். சூட்டுல முக்கினா மறுநாளே மேல வெள்ளை வெள்ளையா பூத்துடும், சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம். முப்பத்தி நாலு வருஷமா டிசம்பர் இருபத்தி மூணுன்னா இந்த ஜன்னல் மூடினது கிடையாது. என் புருஷன் கேஸா, கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் மாட்டிட்டுத்தான் இங்க வந்து காபி குடிப்பார். ரயிலைத் தவற விட்டவன் பிளாட்பாரத்துல உக்காந்த மாதிரி இருக்கும்.

— ஆமா, அவருக்குத்தான் குளிரே ஆகாதே.

— அப்படியா. டிராம் கொட்டகையில பேசிக்குவாங்களோ?

— வந்துக்கா... ஆமா. எங்க வீட்டுக்காரர் சொல்லுவார்.

— உன் பேரு என்னன்னு சொன்னே? வாசல்ல நின்னு ஒரே மூச்சுல கொட்டிட்டே. பாதி என் காதுல விழல.

— திமேயா. எங்க வீட்டுக்காரர் டிராம் கொட்டகையில, கேஸா அண்ணன் ஷிஃப்ட்டுதான். வந்துக்கா, வருஷா வருஷம் நீங்க செய்யற மரத்து மிட்டாய்ல ஒரு பை கொட்டகைக்கு வருமில்ல, அதுல எங்களுக்கும் வரும். எங்க பொண்ணு லில்லாவுக்கு ஆறு வயசு. விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து கிறிஸ்துமஸ் மரத்துல அவ பாத்தது உங்க கை மிட்டாயத்தான். குட்டி ஏசு மரத்தைத் தூக்கிட்டு வர்றப்பவே மிட்டாயும் கட்டி எடுத்துட்டு வர்றார்னு நெனச்சுட்டிருக்கா. இந்த வருஷம் பாத்து அண்ணன் இப்படி... பதினெட்டு நாள்தான் ஆவுது. உங்ககிட்ட வந்து நிக்கக் கூடாதுதான்க்கா. சத்தியமா எனக்கே வெக்கமா இருக்கு. எப்படி செய்யறதுன்னு சொல்லிக் குடுத்தீங்கன்னா வீட்டுக்குப் போய் நானே...

— ஒரு நாள்ல ஆகற வேலை இல்ல. பாகை உருட்டுப் பதத்துல இறக்கி, கல்லுல கொட்டி, வெளுக்கற வரைக்கும் தேய்க்கணும். பூரணம் உருட்டி ராத்திரி பூரா காய விடணும். நாளைக்கு சாயங்காலம் மரம் நிக்கணும், நீ இன்னிக்கு வந்து வாசல்ல நிக்கறே.

— வர்றதுக்கு தைரியம் வரல.

— உன் நல்ல நேரம், பூரணம் நேத்தே உருட்டியாச்சு. ஏன்னு கேக்காத. சர்க்கரை, கசகசா, ஆப்ரிகாட் எல்லாம் நவம்பர்லயே வாங்கிப் போட்டாச்சு, அவர்தான் தூக்கிட்டு வந்தார். அலமாரியைத் திறக்கறப்பெல்லாம் அந்தப் பை என்னையே பாத்துட்டு இருந்துச்சு. சரி வா, கை ஆறியிருக்கும். இந்தத் தட்டு கசகசா, அது வால்நட். ஓரத்துல துணி போட்டு மூடினது வால்நட் படாதது.

— வால்நட் படாததா?

— கரண்டி கூடத் தனி. கொட்டகையில ஒருத்தருக்கு ஆகாதாம். உதடு வீங்கிடுமாம். அஞ்சு வருஷமா தனியாத்தான் செய்யறேன். என்ன, வாயைத் திறந்துட்டு நிக்கறே? முள்கரண்டியை எடு. அது இல்ல, நடுவுல ரெண்டு பல்லு ஒடைச்சது. சாக்லேட்டுல விரலை விடாத. ஒரு சொட்டு எடுத்துக் கீழ் உதட்டுல வை. சுடுதா?

— இல்லக்கா.

— ஜில்லுன்னு இருக்கா?

— இல்ல. ஒண்ணுமே தெரியல.

— அதான் பதம். ஒண்ணும் தெரியக் கூடாது. இப்ப பூரணத்தைப் போடு. முழுக்கு. தூக்கு. கிண்ணத்து விளிம்புல தட்டு, மெதுவா, கதவு தட்டற மாதிரி தட்டாத. தாள் மேல சறுக்கி விடு. ... இது என்ன?

— மிட்டாய்க்கா.

— சேத்துல குளிச்ச எருமை மாதிரி இருக்கு. அடியில பாரு, குளம் கட்டி நிக்குது. பரவால்ல, மொத மிட்டாய் அப்படித்தான். எருமைய ஓரமா வை. அடுத்தது போடு.

— நீங்க செய்யறது மேல ஒரு கோடு வருதே.

— கரண்டியை எடுக்கறப்ப லேசா இழு, தானா விழும். கேட்டியா, உன்கிட்ட ஒண்ணு விசாரிக்கணும். உன் புருஷன் அதே ஷிஃப்ட்டுங்கறே. அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அஞ்சாந்தேதி சாயங்காலம் கேஸாவுக்கு வேலை இருந்துச்சா?

— அஞ்சாந்தேதியா?

— செத்த அன்னிக்கு.

— வந்துக்கா... எனக்குச் சரியா தெரியல. கேட்டுச் சொல்றேன்.

— கேளு. எங்க டிராம் நிறுத்தத்துலதான் விழுந்து கிடந்தார். இதோ, இந்தத் தெரு முக்குல. நீ வந்து இறங்கினியே, அதே இடம். நான் அன்னிக்குக் காலையிலேயே ஈகருக்குப் போயிட்டேன், என் தங்கச்சி வீட்டுக்கு. பொழுது சாஞ்சு திரும்பி வந்தா பக்கத்து வீட்டு மாக்தா என் வாசப்படியில உக்காந்திருக்கா, அவ செருப்புக் கூட மாத்திப் போட்டிருந்தா. அவர் எப்ப வீட்டை விட்டுப் போனார், எங்க போனார், ஒண்ணும் தெரியாது. அந்த நிறுத்தத்துல ரெண்டு பக்கத்து டிராமும் ஒரே மேடைக்குத்தான் வரும். கொட்டகை ஆளு, பாஸ் வச்சிருக்கார், டிக்கெட்டும் கிடையாது பாக்கறதுக்கு. ஏறப் போனாரா, இறங்கி வந்தாரான்னு சொல்றதுக்கு ஒரு ஆளு இல்ல.

— அது தெரிஞ்சு என்னக்கா ஆகப் போவுது?

— உனக்கு ஒண்ணும் ஆகாது. கையை நிறுத்தாம பேசு. இது பரவால்ல, மிட்டாய் ஜாதியில சேத்துக்கலாம்.

— நீங்க இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?

— கல்யாணம் ஆன வருஷம் கடையில மிட்டாய் கிடைக்கல. கிடைச்சதும் சோப்பு மாதிரி இருந்துச்சு. அவருக்கோ மிட்டாய் இல்லாம மரம் ஆகாது. ஒரு பழைய பத்திரிகையைப் பாத்து நானா செஞ்சேன். மூணு தரம் கருகிச்சு. நாலாந்தரம் சரியா வந்துச்சு. அன்னிக்குக் கட்டித் தொங்க விட்டதுதான், மறுநாள்லேருந்தே திருட ஆரம்பிச்சுட்டார்.

— திருடறதா?

— தெரியாத மாதிரி கேக்கறியே, எல்லா வீட்லயும் பிள்ளைங்க செய்யறதுதானே? மிட்டாயை எடுத்துத் தின்னுட்டு, சரிகைத் தாளை உள்ள மிட்டாய் இருக்கற மாதிரியே உப்ப வச்சு, முனையை முறுக்கி, தொங்கறது தொங்கினபடி விட்டுடறது. பிள்ளைங்க வளந்ததும் நிறுத்திடும். இவர் அறுபது வயசுலயும் நிறுத்தல. ஜனவரி ஆறாந்தேதி மரத்தைப் பிரிச்சா பாதிக்கு மேல காத்துதான். யார் தின்னதுன்னு கேட்டா, வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு, மூஞ்சியை அப்பாவியா வச்சுட்டு எலின்னுவார்.

— காத்து மட்டுமாக்கா வைப்பார்? ரொட்டியைக் கிள்ளி உருட்டி, அளவு பாத்து உள்ள வச்சு சுத்தியிருப்பாரே. போன வருஷம் லில்லா ஆசையா ஒண்ணைப் பிரிச்சு வாயில போட்டுட்டா. காஞ்ச ரொட்டி. மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே, அவர் விழுந்து விழுந்து...

— எந்த மரத்துல? திமேயா, எந்த மரத்துல ரொட்டி வச்சார்?

— வந்துக்கா... கொட்டகையில... நான் வந்து...

— கிண்ணத்தைத் தூக்காத. வச்சிரு. அடியில ஆவித் தண்ணி... போச்சு.

— ஐயோ, என்னக்கா ஆச்சு, கட்டி கட்டியா இறுகுதே. நான் என்ன பண்ணினேன்?

— ஒரு சொட்டுத் தண்ணி விழுந்துச்சு. அவ்வளவுதான். ஒரு சொட்டு போதும், கிண்ணம் பூரா மண்ணாங்கட்டி ஆயிடும். விடு, கிளறாத, இனிமே இளகாது.

— நான் போறேன்க்கா. என் கோட்டு எங்க?

— உக்காரு. மேல் தட்டுல இன்னொரு கட்டி சாக்லேட்டு இருக்கு. அதை எடுத்துப் பொடிசா நறுக்கு. உக்காருன்னேன்.

— என்னால முடியாதுக்கா. உங்க மூஞ்சியைப் பாத்துட்டு...

— மூஞ்சியைப் பாக்க வேணாம். கத்தியைப் பாத்து நறுக்கு, விரல் போயிடும். என் மரத்துல ரொட்டி வச்சதில்ல. முப்பத்தி நாலு வருஷமா எனக்கு வெறும் காத்துதான். கண்டுபிடிச்சா நான் திட்டுவேன், அவ்வளவுதானேன்னு இருந்திருக்கார். அங்க குழந்தை ஏமாந்துடக் கூடாதுன்னு உக்காந்து ரொட்டி உருட்டியிருக்கார்.

— அக்கா, எப்பலேருந்து தெரியும்?

— சாவுக்கு வந்திருந்தியே. கல்லறைத் தோட்டத்துல எல்லாருக்கும் பின்னால, தண்ணிக் குழாய்கிட்ட நின்னே. பக்கத்துல சிவப்புத் தொப்பி போட்ட குழந்தை. காத்துக்குத் தொப்பி பறந்துச்சு, நீ ஓடிப் போய் எடுத்தே. அப்ப அந்தக் காதைப் பாத்தேன். டீ கப்புக்குக் கைப்பிடி வச்ச மாதிரி. என் மாமியாருக்கு அந்தக் காதுதான். அவருக்கும் அதேதான். இந்தக் காலனியில மூணாவது ஆளுக்குக் கிடையாது.

— அப்ப காலைல வாசல்ல நின்னப்பவே...

— நின்னப்பவே தெரியும். கொட்டகை, ஷிஃப்ட்டுன்னு எவ்வளவு தூரம் ஓட்டறேன்னு பாத்தேன். பொய் சொல்றது உனக்கு வரல. அது ஒண்ணும் கெட்ட விஷயம் இல்ல.

— நீங்க கதவைச் சாத்தியிருக்கலாம்.

— சாத்தணும்னுதான் கை போச்சு. கேளு, கல்லறைத் தோட்டத்துக்கு முந்தியே தெரியும் எனக்கு. அஞ்சு வருஷம் முந்தி ஒரு நாள் இந்த இடத்துல நின்னு சொல்றார், வில்மா, கொட்டகையில ஒருத்தனுக்கு வால்நட் ஆகலையாம், பாவம், அவனுக்குத் தனியா கொஞ்சம் செய்யேன்னு. சரின்னு செஞ்சேன். ரெண்டு நாள் கழிச்சு வந்து, அந்த ஆளுக்கு இன்னும் சின்னதா உருட்டுன்னார். ஏன்னேன். அவனுக்கு வாய் சின்னதுன்னார். டிராம் சக்கரத்தைக் கழட்டி மாட்டற ஆளு. வாய் சின்னதாம். நான் ஒண்ணும் கேக்கல. கொட்டைப்பாக்கு அளவுக்கு உருட்டிக் குடுத்தேன். அடுத்த வருஷம் நானே ஒரு சுத்துப் பெருசா உருட்டினேன். பாத்தார், ஒண்ணும் பேசல. அதுக்கு அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். வருஷத்துக்கு வருஷம் அந்த ஆளுக்கு வாய் வளந்துச்சு. நேத்து உருட்டறப்ப யோசிச்சேன், ஆறு வயசுக்கு எவ்வளவு இருக்கும்னு. முன் பல்லு விழுந்திருக்குமே, கடிக்க மெத்துன்னு இருக்கட்டும்னு ரெண்டு கரண்டி வெண்ணெய் கூடப் போட்டேன்.

— ரெண்டு பல்லு விழுந்திருக்குக்கா. மேல.

— அதான் நெனச்சேன்.

— ஏன் அவரைக் கேக்கல? ஒரு வார்த்தை?

— கேட்டா பதில் சொல்லிடுவார். அவருக்குப் பொய் தங்காது. சொல்லிட்டா நான் ஏதாவது செஞ்சாகணும். பெட்டி கட்டணும், இல்ல அவரைக் கட்டச் சொல்லணும். நான் ரெண்டுக்கும் இல்லாம மிட்டாய் செஞ்சேன். எங்களுக்கு ஒண்ணு பொறந்துச்சு, திமேயா. ரெண்டு நாள் இருந்துச்சு. அதுக்கப்புறம் பொறக்கல. போதும், அந்தப் பேச்சு வேணாம். வெந்நீரை அடுப்புலேருந்து இறக்கிட்டு அதுக்கு மேல கிண்ணத்தை வை. இந்த தரம் கீழ ஒரு துணியைப் போட்டுக்க.

— அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். நான் அவரை உங்ககிட்டேருந்து பிரிக்கணும்னு ஒரு நாளும் சத்தியமா... கொட்டகைக்கு எதிர்ல ரொட்டிக் கடையில நான் வேலை பாத்தேன். தினம் காலையில வருவார். அப்படித்தான் மொதல்ல...

— அது வேணாம். எப்படி ஆரம்பிச்சுதுன்னு எனக்கு ஒரு எழுத்துக் கூட வேணாம். நீ எதுக்கு வந்தே, அதைச் சொல்லு. சந்தையில கூடை கூடையா மரத்து மிட்டாய் விக்குது. குழந்தைக்கு வித்தியாசம் தெரியும், சரி. அதுக்காக எந்தப் பொம்பளையும் இந்த வாசப்படி ஏற மாட்டா.

— கடையில வாங்கினேன்க்கா. நல்லதாத்தான் வாங்கினேன். ஒளிச்சு வச்சிருந்தேன். அவ முந்தாநாள் ராத்திரி படுக்கப் போறப்ப சொல்றா, அம்மா, இந்த வருஷம் நமக்கு மிட்டாய் நிச்சயம் வரும்ல? ஏன்டி அப்படிக் கேக்கறேன்னேன். அப்பா இப்ப குட்டி ஏசு வீட்லதானே இருக்கார், எனக்கு வால்நட் ஆகாதுன்னு அப்பாவுக்குத் தெரியுமே, அவரே பாத்து எடுத்து வைப்பார்ங்கறா. சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிட்டா. எனக்குத்தான் தூக்கம் வரல. நாளைக்கு மரம் வந்தாச்சுன்னு நான் மணி அடிச்சு, அவ கதவைத் திறந்து, கடை மிட்டாய் தொங்கறதைப் பாத்தான்னா, அப்பா அவளை மறந்துட்டார்னு நெனச்சுக்குவாக்கா. செத்துப் போனதைக் கூடப் பொறுத்துக்கிட்டா. இதைப் பொறுக்க மாட்டா.

— கிண்ணத்தைக் கொண்டா.

— அக்கா...

— கொண்டான்னேன். உதட்டுல வச்சுப் பாத்தியா?

— இன்னும் சுடுது.

— கிளறிட்டே இரு, ஆறும். அந்த ஓரத்துத் தட்டு பூரா உனக்குத்தான். அறுபது இருக்கு. இப்ப முக்கி ஜன்னல்ல வச்சா பத்து நிமிஷத்துல இறுகிடும். பெட்டியில வெள்ளைத் தாளு முனை கிழிச்சு வச்சிருக்கேன், மேல சுத்தச் சரிகைத் தாளும் இருக்கு. போன வருஷம் என்ன கலர் சரிகை குடுத்தேன்?

— ரோஸ். எல்லாம் ரோஸ்.

— கொட்டகை ஆளுக்கு ரோஸ் கலர். நானும்தான் எவ்வளவு கேனச்சி. சரி, ரோஸே இருக்கட்டும், மாத்தினா சந்தேகப்படுவா. நூலை இரட்டையா போட்டுக் கட்டு.

— உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்? சொல்லுங்கக்கா. ஒரு நாள் அவளைக் கூட்டிட்டு வரட்டுமா? யாருன்னு சொல்லாம? சும்மா பாத்துட்டு...

— வேணாம்.

— ஒரு தடவ.

— வேணாம்னேன். காதைப் பாத்தாச்சு. அதுக்கு மேல என்னால தாங்க முடியாது. நாளைக்கு நீ மரம் கட்டறப்ப குழந்தையை யாரு வெளிய வச்சிருப்பா?

— எதிர் வீட்டுல விடறேன். வருஷா வருஷம் நான் கூட்டிட்டுப் போய் ஐஸ்ல சறுக்க விடுவேன், அவர் மரம் கட்டுவார். சரியா நிக்காது, ஒரு பக்கமா சாஞ்சே இருக்கும்.

— அடியில ரெண்டு ஆப்பு வைக்கணும். அவருக்கு ஒரு ஆப்பு வைக்கறதோட பொறுமை போயிடும். நீ ரெண்டு வை.

— சரிக்கா.

— இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. மிட்டாயை வச்சுப் பேரம் பேசல, கேட்டியா? அது குடுத்தாச்சு. நீ பதில் சொன்னாலும் சொல்லாட்டியும் அது குழந்தையோடது. நீ இல்லாம இதை வேற யார்கிட்ட கேக்கறதுன்னு எனக்குத் தெரியல, அதனால கேக்கறேன்.

— கேளுங்க.

— அஞ்சாந்தேதி அவருக்கு ஷிஃப்ட்டு இல்லன்னு எனக்குத் தெரியும். உங்க வீட்டுக்கு வந்தாரா? ஏறப் போனாரா, இறங்கி வந்தாரா? அது ஒண்ணுதான். பதினெட்டு நாளா மேடையில போய் நிக்கறேன். ஒரு டிராம் அந்தப் பக்கம் போவுது, ஒண்ணு இந்தப் பக்கம் வருது. என்னை விட்டுப் போறப்ப விழுந்தாரா, என்கிட்ட வர்றப்ப விழுந்தாரா?

— வந்துக்கா...

— அந்த வந்துக்காவை விடு.

— வந்தார்.

— வந்தாரா?

— வந்தார்க்கா. மத்தியானமே வந்துட்டார். ஒரு மணி இருக்கும். மறுநாள் மிகுலாஷ் தாத்தா பூட்ஸ்ல பரிசு போடற நாள் இல்லையா, லில்லா பூட்ஸைத் துடைச்சு ஜன்னல்ல வச்சிருந்தா. அவ பாக்காதப்ப அதுல ஆரஞ்சு, வேர்க்கடலை எல்லாம் போட்டார்.

— அப்புறம்?

— உக்காந்தார். கோட்டைக் கழட்டவே இல்ல. நான் டீ போட்டுக் குடுத்தேன்.

— ரம் ஊத்தினியா?

— வேணாம்னுட்டார். எலுமிச்சை மட்டும் பிழிஞ்சேன். குடிச்சுட்டு ரொம்ப நேரம் கப்பையே பாத்துட்டு இருந்தார். அப்புறம் சொன்னார், திமேயா, எனக்கு வயசாயிடுச்சு, ரெண்டு வீட்டுப் படி ஏற என்னால ஆகல. குழந்தையை மாசம் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறேன், அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யறேன். ஆனா இனிமே பொழுது சாஞ்சா நான் இருக்க வேண்டிய இடம் என் வீடுதான்னார்.

— அப்படியேவா சொன்னார்?

— அப்படியேதான்க்கா. எனக்கு அழுகை வந்துச்சு. நான் இன்னும் கொஞ்சம் இருங்கன்னேன். இல்ல, வில்மா ஈகர்லேருந்து வந்துடுவா, அவ குளிர்ல நடுங்கிட்டே வருவா, அதுக்குள்ள நான் போய் கணப்பை மூட்டணும்னு எழுந்துட்டார். மூணரைக்குக் கிளம்பினார். மாடியிலேருந்து பாத்தேன். வேகமா போனார், திரும்பிக் கூடப் பாக்கல. டிராம்ல ஏறினார்.

— கணப்பை மூட்டணும்னார்.

— ஆமாக்கா. அவ வர்றதுக்குள்ள வீடு கதகதன்னு இருக்கணும்னார். உங்ககிட்ட வர்றப்பதான் விழுந்திருக்கார். உங்க நிறுத்தத்துல இறங்கிட்டார். இன்னும் பத்து எட்டு வச்சா வீடு. சத்தியமா சொல்றேன்.

— சத்தியம் எல்லாம் வேணாம். அந்தத் தட்டை ஜன்னல்ல வை.

— அழாதீங்கக்கா.

— அழல. ஜன்னல் காத்து.

— நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?

— இல்ல. நல்லா சொன்னே. கேளு, திமேயா. எனக்கு ஈகர்ல தங்கச்சி கிடையாது. எந்த ஊர்லயும் கிடையாது. அன்னிக்குப் பூரா நான் வீட்லதான் இருந்தேன். சாப்பிட்டுட்டுத் தூங்கினார். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்ப எழுந்து, சும்மா கொட்டகை வரைக்கும் போயிட்டு வர்றேன்னார். பாக்கெட்டு ரெண்டும் ஆரஞ்சா உப்பிட்டு இருந்துச்சு. குளிருதுன்னு நான்தான் மஃப்ளரைச் சுத்தி விட்டேன். நாலு மணிக்கு மாக்தா வந்து கதவைத் தட்டினா, மேடையில விழுந்து கிடக்கார்னு.

— அக்கா...

— அப்பா வருவார்னு லில்லா எத்தனை மணி வரைக்கும் ஜன்னல்ல நின்னா?

— எட்டு. எட்டே கால். தூங்கி விழுந்தவளைத் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வச்சேன். நான் விடியற வரைக்கும் அங்கேயே நின்னேன். மன்னிச்சுடுங்கக்கா, நான் வேணும்னு பொய்...

— மன்னிப்பெல்லாம் கேக்காத. ஜன்னலை மூடிட்டு வந்து இப்படிப் பக்கத்துல உக்காரு. கணப்பை மூட்டணும்னு எழுந்தார்னியே, அங்கேருந்து இன்னொரு தடவ சொல்லு.